57 பேர் கொண்ட சிம்பொனி குழு, தஞ்சைப் பக்கம் கல்லூரி அரங்கம்: மைக் இல்லாமல் நடத்த என்னென்ன செய்ய வேண்டும்?

வெண்ணாற்றங்கரை கேட்டது:

வணக்கம். வரும் மாசியில் ஐரோப்பாவிலிருந்து சுற்றுப்பயணம் வரும் ஒரு சிம்பொனி குழுவுக்குத் தஞ்சாவூர் அருகே ஒரு கல்லூரி அரங்கத்தில் நிகழ்ச்சி முடிவாகியிருக்கிறது. வாத்தியக்காரர்கள் 57 பேர். முதல் வயலின் 10, இரண்டாம் வயலின் 8, வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) 6, செல்லோ (உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின் வகை) 6, டபுள் பாஸ் (அதைவிடப் பெரியது, மிகத் தாழ்ந்த சுரம்) 4, புல்லாங்குழல் ஓபோ வகையறா 9, பித்தளை வாத்தியம் 10, டிம்பனி என்ற பெரிய முரசும் மற்ற தாள வாத்தியங்களும் சேர்த்து 3 பேர், ஹார்ப் ஒன்று. இதற்கு மேல் இசை நடத்துநர்.

நிரல்: செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனா ஓர் ஆற்றைப் பற்றி எழுதிய வல்த்தவா, இன்னொரு செக்காரர் யானாச்செக் தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய சூட் (சிறு பகுதிகளின் தொடர்), எஸ்டோனியாவின் ஆர்வோ பேர்ட்டின் கான்டஸ், இடைவேளை, பிறகு செக்காரர் த்வொர்ஷாக்கின் 9வது சிம்பொனி.

அரங்கத்தில் 700 இருக்கை, ஏசி உண்டு. மேடை 36 அடி அகலம், 24 அடி ஆழம். தரை பளபளப்பான கிரானைட். பின்னால் வெல்வெட் திரை. இதுவரை அங்கே நடந்தவை கச்சேரி, பட்டிமன்றம், ஆண்டு விழா. மைக்செட்காரர் குறைந்தது 24 மைக் வேண்டும் என்கிறார். குழுவின் கடிதத்தில் ஒலிபெருக்கி வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். விழாக் குழுவில் பாதிப் பேருக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. கடைசி வரிசைக்குக் கேட்குமா? மேடை போதுமா? எங்கே தப்பு நடக்கும்? அனுபவம் உள்ளவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். கமிட்டியில் காட்ட வேண்டும்.


மேடைக்கணக்கு எழுதியது:

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: கேட்கும். 57 பேர் சேர்ந்து எழுப்பும் ஒலிக்கு 700 இருக்கை பெரிய இடமே இல்லை. மைக் வைத்தால்தான் கெடும். 24 மைக்கும் பக்கத்து வாத்தியத்தின் ஒலியைச் சேர்த்தே வாங்கும், ஒரே ஒலி வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று அரிக்கும். வயலின் கூட்டம் கொசுக் கூட்டம் போல மெலியும். எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை நடத்துநர் கையால் முடிவு செய்கிறார். மிக்சரில் உட்காருபவர் அதையே இரண்டாம் முறை முடிவு செய்யக் கூடாது. மைக்செட்காரரிடம் அறிவிப்புக்கு ஒரே ஒரு மைக் வாங்குங்கள். அறிவிப்பு முடிந்ததும் ஆம்ப்ளிபயரையே அணைக்கச் சொல்லுங்கள். சும்மா ஆன் செய்து வைத்தால் ஸ்பீக்கரிலிருந்து வரும் 'உஸ்' இரண்டாவது வரிசை வரை கேட்கும்.

மேடை போதாது. கணக்கு இது. வயலின், வியோலா ஆள் ஒன்றுக்கு 13.5 சதுர அடி. வில் கை நீளும் இடம் அதில் சேர்த்தி. 24 பேருக்கு 324. செல்லோவுக்கு 16 வீதம் 96. பாஸுக்கு 19.5 வீதம் 78. குழல் வாத்தியம் 9 பேருக்கு 122. பித்தளை 10 பேருக்கு 160. டிம்பனிக்கு 108, பாஸ் டிரம், சிம்பல், டிரையாங்கிள் என்ற மற்ற தாள வாத்தியங்களுக்கு 80. ஹார்ப்புக்கு 20, நடத்துநர் மணைக்கு 16. மொத்தம் 1,004. உங்களிடம் இருப்பது 864. நடக்க வழியும் விட்டால் 1,200 வேண்டும்.

ஆகவே முன்பக்கம் 36 அடி அகலத்துக்கு 10 அடி நீட்டுங்கள், 1,224 வந்துவிடும். முன் இருக்கைகளில் இரண்டு மூன்று வரிசை போகும், போகட்டும். இதில் இன்னொரு லாபம் உண்டு. வயலின்களும் செல்லோக்களும் திரை வளைவுக்கு வெளியே வந்துவிடுவதால் ஒலி மேலே கூரைக்குப் போய் வீணாகாமல் நேரே அவைக்கு வரும்.

நீட்டும் மேடையைப் பந்தல்காரரிடம் விட்டால் சவுக்குக் கட்டை நட்டு மேலே பலகை அடித்துத் தருவார். திருமண வரவேற்புக்கு அது சரி, இதற்குச் சரி வராது. ஆணி அடித்த பலகை ஆள் அசையும்போதெல்லாம் கிறீச்சிடும். இரும்புச் சட்டம் 4 அடிக்கு ஒன்று, அதன் மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கின் இணைப்பு மேல் அடுக்கின் இணைப்போடு ஒரே கோட்டில் வரக் கூடாது. ஆணி வேண்டாம், திருகாணி. சட்டத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை வையுங்கள். பழைய மேடையோடு கால் அங்குலம்கூட உயர வித்தியாசம் இருக்கக் கூடாது. செல்லோவைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் கால் முதலில் அங்கேதான் தடுக்கும்.

கிரானைட் தரை உங்களுக்குப் பெரிய தலைவலி. செல்லோவும் பாஸும் ஒற்றை இரும்பு முனையில் நிற்பவை. மரத்தில் அந்த முனை பதிந்து பிடிக்கும். கிரானைட்டில் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடும், வாசிப்பவர் கால் அணைக்கவே பாதி கவனம் போய்விடும். செல்லோ ஆறையும் புது மர நீட்டிப்பில் உட்கார வையுங்கள். பாஸ் நான்குக்கும் செல்லோவின் பின்னால் 16 அடிக்கு 5 அடி மர மேடை, 8 அங்குல உயரத்தில், உள்ளே வெற்றிடமாக. வெற்று மர மேடை பாஸின் அடிக் கார்வையை நன்றாகத் தாங்கிக் கொடுக்கும்.

வெல்வெட் திரையை முழுக்க ஒதுக்குங்கள். பேச்சுக்கு அது நல்லது, இதற்கு அது பஞ்சு போல ஒலியைக் குடித்துவிடும். அது இருந்த இடத்தில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் 9, பக்கத்துக்கு 4 வீதம் 8, ஆக 17 தாள். 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல். மெல்லிய தாள் தானும் சேர்ந்து அதிர்ந்து தாழ்ந்த சுரங்களைத் தின்றுவிடும். பக்கத் தாள்கள் அவையை நோக்கி விரியட்டும், மேற்புறம் லேசாக முன்னால் சாயட்டும், அடியில் மணல் மூட்டை. பித்தளை வாத்தியங்களில் ஒன்றான ஹார்னின் வாய் பின்பக்கம் திறந்திருப்பது. அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் பிளைவுட் நின்றால் நான்கு ஹார்னும் எட்டாகக் கேட்கும். 5 அடி இடைவெளி விடுங்கள்.

நாற்காலி 50, கை இல்லாதது, இருக்கை தட்டையாக, 18 அங்குல உயரம். உறை போட்ட மண்டப நாற்காலி பின்னால் சாய்ந்திருக்கும், வயலின் வாசிக்கிறவர் முதுகு அதில் நிற்காது. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் வில் இடிக்கும். பாஸுக்கு உயரமான ஸ்டூல் 4, டிம்பனிக்கு ஒன்று. சுரத்தாள் தாங்கி 41: தந்தி வாத்தியங்கள் இரண்டு பேருக்கு ஒன்று வீதம் 17, மற்ற ஒவ்வொருவருக்கும் ஒன்று வீதம் 23, நடத்துநருக்குப் பெரியதாக ஒன்று. கையில் 4 உபரி. மடக்குகிற கம்பித் தாங்கி வேண்டாம், ஏசி காற்றிலேயே சாயும். துணி கிளிப் இரண்டு டஜன் வாங்கி வையுங்கள்.

விளக்கு வெள்ளை மட்டும், தலைக்கு மேலிருந்து. ஆண்டு விழாவுக்குப் போடும் சிவப்பு நீலப் பார் லைட் பட்டால் சுரத்தாளில் கோடும் புள்ளியும் ஒன்றாகிவிடும். முன்னாலிருந்து அடிக்கும் விளக்கு வாசிப்பவர் கண்ணைக் கூசவைத்து நடத்துநர் கையை மறைக்கும்.

சாப்பாடு, தங்கல், பஸ் பற்றி நான் எழுதவில்லை. அதை நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.


குடமுருட்டி எழுதியது:

மேலே எழுதியவர் மேடையை முடித்துவிட்டார். நான் காற்றையும் சத்தத்தையும் சொல்கிறேன், இந்த ஊரில் கெடுவது அங்கேதான்.

ஏசி ஆறுதலுக்கு அல்ல, சுருதிக்கு. குழல் வாத்தியத்துக்குள் இருக்கும் காற்று சூடானால் சுருதி ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட். அரை சுரம் 100 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரியிலிருந்து 30க்குப் போனால் 18 சென்ட். அதே வெப்பத்தில் கம்பி தளர்ந்து வயலின் சுருதி இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகும். நம் கச்சேரியில் தம்புரா கலைந்தால் எப்படி உடம்பு கூசுமோ அப்படி இருக்கும், இங்கே 57 பேர். ஓபோ கொடுக்கும் ஒரு சுரத்துக்குத்தான் எல்லோரும் சேர்க்கிறார்கள், பெரும்பாலும் 440 முதல் 442 ஹெர்ட்ஸ். அரங்கம் நடுவில் சூடானால் அந்தச் சேர்க்கை கால் மணி நேரம்கூட நிற்காது.

ஆகவே நிகழ்ச்சிக்கு 4 மணி நேரம் முன்பே ஏசியைப் போடுங்கள், 23 அல்லது 24 டிகிரி. மேடை விளக்கையும் அப்போதே எரியவிடுங்கள், விளக்கின் சூடும் கணக்கில் சேரட்டும். மதியம் ஒத்திகை 3 மணி நேரம் இருக்கும். 'ஒத்திகைதானே' என்று ஏசியை அணைத்து வைக்கும் பழக்கத்தை அன்று ஒரு நாள் விட்டுவிடுங்கள். வாத்தியங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கி ஏசி அறைக்குள் கொண்டுபோனதும் பெட்டியை உடனே திறக்க விடாதீர்கள், அரை மணி மூடியே இருக்கட்டும். வெளியே ஈரம் கனத்த காற்று, உள்ளே உலர்ந்த குளிர். திடீர் மாற்றத்தில் முறுக்காணி இறுகும் அல்லது நழுவும், பழைய மரத்தில் ஒட்டு விடும். இது அவர்களுக்கே தெரியும். ஆனால் 'ஒரு போட்டோ எடுக்கலாம், திறங்க சார்' என்று கேட்பது நம்மவர்கள்தான்.

ஈரப்பதம் 45லிருந்து 55 விழுக்காடு இருந்தால் நிம்மதி. 300 ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன மீட்டர் ஒன்றை மேடையில் மாட்டுங்கள்.

அடுத்தது சத்தம். எல்லா ஏசியும் ஓடும்போது கடைசி வரிசையில் ஒருவர் உட்காரட்டும், மேடை நடுவில் ஒருவர் பேனாவின் தலையை அழுத்தட்டும். 'டிக்' கேட்டால் நல்லது. கேட்கவில்லை என்றால் எந்த ஏசி, எந்த மின்விசிறி, எந்த ஸ்டெபிலைசர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஸ்டெபிலைசர் ரிலே 'டக் டக்' என்று மாறும் ஓசை பேச்சின்போது யாருக்கும் தெரியாது, இங்கே அது தாளம் தப்பிய ஜால்ரா. ஜெனரேட்டரை அரங்கத்துக்குக் குறைந்தது 150 அடி தள்ளி, மேடைக்கு எதிர்ப் பக்கம் வையுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் 10 நொடி இருட்டில் 57 பேரும் வாசிப்பை நிறுத்த வேண்டிவரும். மேடை விளக்கை மட்டுமாவது யுபிஎஸ்ஸில் விடுங்கள்.

தேதி. மாசி என்கிறீர்கள். கும்பகோணம் பக்கம் மாசி மகத்துக்கு என்ன கூட்டம் என்று சொல்ல வேண்டாம். சாலை அடைத்தால் குழுவின் லாரி திருச்சியிலிருந்து வந்து சேராது. அன்று வளர்பிறை முகூர்த்தமா என்றும் பாருங்கள். பக்கத்து மண்டபத்தில் செண்டை மேளமும் வாண வேடிக்கையும் இருந்தால் எந்தப் பிளைவுட்டும் காக்காது. கோவில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் இருந்தால், ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் போய் 7 முதல் 9 வரை மட்டும் நிறுத்தித் தரக் கேளுங்கள். முன்கூட்டி மரியாதையாகக் கேட்டால் தருவார்கள்.

இன்னொன்று, இதை வெளியூர்க்காரர் எவரும் எழுதித் தரமாட்டார். வயல் நடுவே இருக்கும் கல்லூரி என்றால் இரவில் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வரும். வாசலில் வெள்ளை ட்யூப் எரிந்தால் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி உள்ளே நுழையும், மேடை வெளிச்சத்துக்கே போகும். சுரத்தாளில் உட்கார்ந்தால் அதுவும் ஒரு புள்ளியாகத் தெரியும். கிளாரினெட்காரர் மூச்சை இழுக்கும்போது வாயில் போனால் அந்த வரி போச்சு. வாசல் விளக்கை மஞ்சளாக்குங்கள். 200 அடி தள்ளி ஒரு வெள்ளை விளக்கைத் தனியாக எரியவிடுங்கள், கூட்டம் அங்கே போகும்.

குத்துவிளக்கு ஏற்றுவதை வாசல் கூடத்தில் வையுங்கள். மேடையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலும் அந்த இடத்தில்தான் யாராவது கால் வைப்பார்கள். சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம், ஊதுகிறவர்களுக்கு அடுத்த மூச்சு இருமலாகும். பொன்னாடை நடத்துநருக்கும் முதல் வயலின் தலைவருக்கும் மட்டும், கடைசியில். மாலை ஈரமாக இருந்தால் கையில் கொடுங்கள், கழுத்தில் போடாதீர்கள்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. நீட்டிப்பு மேடைக்கு இன்றே விலை கேட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். கான்டஸுக்கு மணி ஒன்று வேண்டும் என்று குழு எழுதியிருக்கிறது, அவர்கள் கொண்டுவரவில்லை. நாச்சியார்கோயிலில் வெண்கல மணி எளிதாகக் கிடைக்கும், அது போதுமா? அடுத்தது, எங்கள் ரசிகர்கள் கர்நாடக இசை கேட்டவர்கள், இந்த இசை புதிது. கைதட்டக் கூடாது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். எப்படிச் சொல்வது?


நடபைரவி20 எழுதியது:

மணி விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் கான்டஸில் அது பாதி உயிர். பேர்ட் 1977ல் இதை ஆங்கில இசையமைப்பாளர் பிரிட்டன் நினைவாக எழுதினார். தந்தி வாத்தியங்கள், ஒரு மணி, அவ்வளவுதான். அந்த மணியின் சுருதி A என்ற மேலை இசைச் சுரம் என்று எழுதியிருக்கிறது. கோவில் மணி அழகு, ஆனால் அதன் கார்வையில் பல சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும், வார்க்கும்போது யாரும் A என்று வார்ப்பதில்லை. ட்யூனர் செயலியை வைத்து அடித்துப் பாருங்கள். அடித்த நொடியில் ஒரு சுரம் காட்டும், 2 நொடி கழித்து வேறொன்று காட்டும். அந்த இரண்டாவதுதான் அரங்கத்தில் நிற்கப்போவது, அது தந்திகளோடு உரசும். ஆர்கெஸ்ட்ராவுக்கான குழல் மணியைச் சட்டத்தோடு சென்னையில் வாடகைக்குக் கேளுங்கள். டிம்பனி, ஹார்ப் வாடகைக்கு வருமானால் அதே லாரியில் வரட்டும்.

இந்த ஏழு நிமிட இசை நம் ரசிகருக்குப் புதிதே அல்ல. மேல் ஸட்ஜத்திலிருந்து இறங்கும் நடபைரவியின் அவரோகணம்தான் அதன் அடிப்படை. முதலில் ஸ. பிறகு ஸ நி. பிறகு ஸ நி த. ஒவ்வொரு தடவையும் மேலிருந்து புறப்பட்டு ஒரு படி கூடுதலாக இறங்கும். முதல் வயலின் இதை ஒரு காலத்தில் வாசிக்கும். இரண்டாம் வயலின் ஒரு ஸ்தாயி கீழே, பாதி வேகத்தில். வியோலா அதிலும் பாதி. செல்லோ அதிலும் பாதி. பாஸ் முதல் வயலினைப் போல 16ல் ஒரு பங்கு வேகம். நாம் பல்லவியில் ஒரே வரியை ஒன்றன்பின் ஒன்றாகக் காலம் மாற்றிப் பாடுகிறோமே, அதை ஐந்து காலத்தில் ஒரே நேரத்தில் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடை திஸ்ரம், நெடில் ஒன்று குறில் ஒன்று. இதை முன்கூட்டிச் சொன்னால் நம் ஊரில் வயலின் கற்கும் பிள்ளைகள் எவரும் விரலால் எண்ணிக்கொண்டே கேட்பார்கள்.

ஒவ்வொரு அணியும் தன் கடைசிச் சுரத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடும். மெல்லத் தொடங்கியது உச்ச ஒலிக்கு ஏறி, எல்லோரும் ஒரே நொடியில் நிறுத்துவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மணி மெல்ல அடிக்கப்படும். தந்தி ஒலியில் அந்த அடி கேட்காது. தந்தி நின்ற பிறகு மணியின் கார்வை மட்டும் காற்றில் இருக்கும், அது எப்போது தொடங்கியது என்றே தெரியாது. இந்த இடத்தில் ஒருவர் தட்டினாலும் அத்தனையும் வீண். நடத்துநர் கை கீழே இறங்கிய பிறகு தட்டுங்கள்.

அதுதான் கைதட்டல் பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில். தட்டாதீர்கள் என்று சொல்லாதீர்கள், கை இறங்கும்வரை பொறுங்கள் என்று சொல்லுங்கள். நம் ரசிகர் தனி ஆவர்த்தனம் நடுவில் தட்டுவது ரசனைதான், ஆனால் இங்கே அடுத்த சுரம் ரொம்பச் சன்னமாக வரும். மோசம் போகும் இடங்கள் நான்கு.

வல்த்தவாவின் முடிவு. ஆறு தூரத்தில் போய்க் கரைவதுபோல் ஒலி தேயும், முடிந்தது என்று கை எழும். அப்போதுதான் முழு பலத்தோடு இரண்டு அடி விழும். அந்த இரண்டு அடிக்கு முன் தட்டியவர் அதிர்ந்து போவார்.

9வது சிம்பொனியின் முதல் பகுதி பலத்த ஓசையோடு முடியும், கை தானாகப் போகும். யாராவது தட்டினால் 'உஷ்' சொல்லாதீர்கள், அது தட்டலைவிடச் சத்தம். இரண்டாம் பகுதி பாஸ்கள் மட்டும் பிரிந்து வாசிக்கும் மிக மெல்லிய இசைவில் (பல சுரம் ஒன்றாக ஒலிப்பது) முடிகிறது. உங்கள் குழு 4 பாஸ் கொண்டுவருவது இந்த இடத்துக்காவது நல்லது. நான்காம் பகுதி எல்லா ஆர்ப்பாட்டமும் அடங்கி, ஊது வாத்தியங்கள் பிடித்த ஒரே இசைவு தேய்ந்து தேய்ந்து மறைவதாக முடிகிறது. பலத்த கடைசி அடியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் அந்தத் தேய்வின் நடுவே தட்டிவிடுவார்கள்.

வல்த்தவாவைப் பற்றி அறிவிப்பாளர் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 1874ல், ஸ்மெத்தனாவுக்குக் காது முழுக்கக் கேளாமல் போன சில வாரங்களில் எழுதப்பட்டது. 'என் தாய்நாடு' என்ற ஆறு படைப்புகளில் இரண்டாவது. தொடக்கத்தில் ஒரு புல்லாங்குழல், அதைத் துரத்தும் இன்னொன்று: இரண்டு ஊற்று. பிறகு கிளாரினெட் சேர, வயலின் ஆறாகப் பாயும். காவிரி கல்லணையில் கை விரித்துப் பிரிகிற ஊரில் உட்கார்ந்து, இரண்டு ஊற்று ஒன்றாகி ஒரே ஆறாகப் போகிற இசையைக் கேட்கப்போகிறோம். E யை ஸட்ஜமாக வைத்தால் ஆற்றின் வரி ஸ ரி க ம ப என்று ஏறி த1 தொட்டுத் திரும்பும். கூட வரும் இசைவில் காகலி நிஷாதம் தலைகாட்டுவதால் கீரவாணி வாசனை. வேட்டை ஹார்ன், கிராமத்துக் கல்யாணத்தின் போல்கா ஆட்டம், நிலா இரவு, பாறைச் சுழல் எல்லாம் தாண்டி ஆறு பிராகுக்குள் நுழையும்போது சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக மாறும். வரி அதே வரி, சுரம் மாறியதும் வெயில் அடிக்கும். அந்த இடத்துக்காகவே காத்திருந்து கேளுங்கள்.

9வது சிம்பொனி 1893ல் நியூயார்க்கில் எழுதப்பட்டு அந்த வருடம் டிசம்பர் 16 அன்று கார்னகி ஹாலில் முதலில் வாசிக்கப்பட்டது. அதன் இரண்டாம் பகுதியில் கோர் ஆங்கிலே என்ற வாத்தியம் தனியாகப் பாடும்: க ப ப, க ரி ஸ, ரி க ப க ரி. மோகனம். கமகம் இல்லாத, இழைத்துப் போட்ட மோகனம். நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு அந்த வாத்தியம். இரட்டை நாக்குச் சீவாளி அதிலும் உண்டு, நாணல் வகைத் தட்டையில் செய்தது, வாசிக்கும் முன் அதையும் நனைத்துத்தான் ஆக வேண்டும். ஓபோக்காரர் நாற்காலியருகே சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் யாரும் எடுத்துக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி காற்று நேரே விழும் இடத்தில் அவரை உட்கார வைத்தால் சீவாளி காய்ந்து, அந்த மோகனத்தின் முதல் காந்தாரமே பிசிறும்.


அரசலாறு எழுதியது:

நடபைரவி20 சொன்னதில் ஒன்றும் குறையில்லை. நிரல் வரிசையில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கான்டஸை இடைவேளைக்குச் சற்று முன் வைத்திருக்கிறீர்கள். நம் ஊரில் இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பே கூடத்தில் காபி டிரம்மை உருட்டி, டபரா டம்ளர் அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். மணியின் கார்வை தேயும் நேரமும் டம்ளர் நேரமும் ஒன்றாக வரும். குழுவிடம் கேட்டு கான்டஸை இரண்டாவதாக மாற்ற முடியுமா பாருங்கள். வல்த்தவா ஏறக்குறைய 13 நிமிடம், தாமதமாக வந்தவர்கள் அது முடிந்ததும் உள்ளே வந்து உட்காரட்டும், கதவை மூடுங்கள், பிறகு கான்டஸ், பிறகு யானாச்செக். மாற்ற முடியாது என்றால் காபியை அரங்கத்துக்கு வெளியே வேறு கட்டடத்தில் வையுங்கள். கதவுக்கு ஒருவர் வீதம் ஆள் நிறுத்தி, பாட்டு நடுவே யார் வந்தாலும், விஐபி ஆனாலும், திறக்காதபடி சொல்லிவையுங்கள்.

கடைசியில் உபரியாக ஸ்லாவிய நடனம் ஏதாவது வாசிப்பார்கள். த்வொர்ஷாக்கின் 46ஆம் எண் தொகுப்பில் 8வது என்றால் அது ஃபூரியண்ட் என்ற செக் நாட்டு ஆட்டம். இரண்டு இரண்டாக மூன்று, மூன்று மூன்றாக இரண்டு, மொத்தம் 12. தாளம் போட்டுப் பழகிய கைக்கு அது விருந்து.

பெயர்களை அறிவிப்பாளருக்கு எழுதிக்கொடுங்கள். செக் மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். ஸ்மெத்-தனா, யா-நாச்செக், வல்த்-தவா. த்வொர்ஷாக்கில் நடுவில் வரும் எழுத்து ரகரத்தையும் ஷகரத்தையும் ஒரே மூச்சில் சொல்வது போன்றது. 'டிவோராக்' என்று அறிவித்தால் மேடையில் இருப்பவர்கள் சிரித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் சரியாகச் சொன்னால் முகம் மலரும்.

உரிமை. ஸ்மெத்தனா 1884லும் த்வொர்ஷாக் 1904லும் யானாச்செக் 1928லும் இறந்துவிட்டார்கள். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்ததால் அந்த இசைக்குக் கட்டணம் இல்லை. பேர்ட் 1935ல் பிறந்தவர், கான்டஸுக்கு உரிமை உண்டு. பொது நிகழ்ச்சிக்கான அனுமதியை வாங்குவது குழுவா, நீங்களா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். யூடியூபில் போடுவது தனி விஷயம். அதற்கு வாசிப்பவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், கைபேசியில் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கமிட்டியில் யாராவது 'இது நமக்கு அந்நியம்' என்றால் சரபோஜி மன்னர் காலத்தை நினைவூட்டுங்கள். தஞ்சை அரண்மனையில் ஐரோப்பிய பேண்டு வாசித்த ஊர் இது. பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் வடிவேலுவும் வயலினை நம் இசைக்குக் கொண்டுவந்தார்கள். முத்துஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்யம் எழுதினார். சந்ததம் பாஹிமாம் என்பது ஆங்கிலேயர் தேசிய கீதத்தின் மெட்டு. நிகழ்ச்சிக்கு முன் வாசல் கூடத்தில் மாணவர்கள் இரண்டு நோட்டுஸ்வரம் பாடினால் பொருத்தமாக இருக்கும். மங்கல இசைக்கு நாதஸ்வரம் வைப்பதானால் வெளியே, தொடக்கத்துக்கு அரை மணி முன்பே முடித்துவிடுங்கள். உள்ளே ஓபோ சுருதி கொடுக்கும்போது வெளியே ஒத்து ஒலித்தால் சேராது.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

வரிசையை மாற்றக் கேட்டுக் குழுவுக்குக் கடிதம் போட்டாயிற்று. குழல் மணி சென்னையிலிருந்து டிம்பனியோடு வருகிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: பாஸுக்கு 16 அடி மர மேடை போட்டால் பக்கவாட்டு வழி அடைபடுகிறது. குறைக்கலாமா?


மேடைக்கணக்கு எழுதியது:

குறைக்காதீர்கள், வளையுங்கள். 8 அடிக்கு 5 அடியாக இரண்டு துண்டு, நடத்துநரை நோக்கி லேசான கோணத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, பின்துண்டு 8 அங்குலம் கூடுதல் உயரம். துண்டு ஒன்றுக்கு இரண்டு பேர். ஓரத்தில் 3 அடி வழி கிடைக்கும். கிரானைட்டைத் தொடும் கால்களுக்கு அடியில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுங்கள், இல்லையென்றால் பாஸ் வில் அழுத்தும்போது மேடையே நகரும். ஒத்திகைக்கு முந்தைய நாள் இரவு நான்கு பேரை ஏற்றி நிறுத்தி ஆட்டிப் பாருங்கள், எங்கே கிறீச்சிடுகிறதோ அங்கே சாக்பீஸில் குறித்து இன்னொரு திருகாணி போடுங்கள்.